வகுப்பறையில் ஊர் வரலாறு: மட்டக்களப்புப் பிராந்தியத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கிழக்கிலங்கையின் முஸ்லிம் பாடசாலையொன்றில் 8 ஆம் தரத்தில் கற்கும் பிள்ளை தேவநம்பியதீசனை அறியும். துட்டகைமுனுவையும் எல்லாளனையும் அறியும். பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டியவன் யார் என்று கேட்டால் தயங்காது சொல்லும். அதே பிள்ளையிடம், தன் வாப்பா செய்கை பண்ணும் வட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தன் ஊர் முன்னர் எந்தப் 'பற்றி'ல் அடங்கியிருந்தது, தன் உம்மாவின் குடி எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். இதில் பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை தேடி வைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை.

1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் வரலாற்றையும் புவியியலையும் குடியியலையும் ஒன்றாக்கிச் சமூகக்கல்வி என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. பிள்ளை தான் அறிந்த சூழலிலிருந்து அறியாத உலகிற்குச் செல்ல வேண்டும் என்பது சமூகக்கல்வியின் அடிப்படைக் கொள்கை. பின்னர் 'சமூகக்கல்வியும் வரலாறும்' என்ற பெயரில் நூல்கள் வந்தன. 2007 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தோடு வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடத்தின் பெயர் இப்படி மாறி வந்ததேயன்றி அதன் முதுகெலும்பு மாறவில்லை. அநுராதபுரம், பொலன்னறுவை, தம்பதெனிய, கோட்டை, கண்டி என்ற தலைநகர் வரிசை. அதன்பின் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற ஆட்சியாளர் வரிசை. மன்னன் தப்பி ஓடும்போதோ அந்நியன் கப்பலில் வந்திறங்கும்போதோ மட்டும் மட்டக்களப்பு என்ற பெயர் பாடத்தில் தலைகாட்டும்.

இந்தக் குறையை முஸ்லிம் எழுத்தாளர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாடநூலில் எமக்கும் பக்கங்கள் வேண்டும் என்பது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் பக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கங்களில் எதை, எவ்விதம் படிப்பிப்பது என்ற கேள்வி தப்பிப் போய்விடும். இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

வழக்காடும் வரலாறு

நமது வரலாற்றெழுத்து எப்படிப் பிறந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையைச் சமர்ப்பித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவரது வாதம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற விவாதம் நடந்த காலம் அது. 1889 இல் அந்த ஆசனம் கிடைத்தது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக நூலொன்றை வெளியிட்டார். அறபு வம்சாவளி, தனி இனம், தொன்மை ஆகியன அதன் அச்சாணிகள்.

அந்த மறுப்பு அன்றைக்குத் தேவைப்பட்டது. ஆயினும் ஒரு சமூகத்தின் நவீன வரலாற்றெழுத்து இப்படி வழக்கொன்றுக்குப் பதிலாகப் பிறந்தபோது, வழக்காடும் குணம் அதில் ஊறிப்போயிற்று. நாம் எப்போது வந்தோம், எத்தனை பேர் வந்தோம், எந்த அரசன் எமக்கு நன்றி சொன்னான் என்பனவே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. எழுதியவர்களின் கண் கொழும்பிலும் பேருவளையிலும் காலியிலும் நின்றது. வணிகனான சோனகனே முஸ்லிமின் பொதுவடிவமானான். சம்மாந்துறையின் கமக்காரனும், மருதமுனையின் நெசவாளியும், கல்முனைக் கரைவலைத் தொழிலாளியும் அந்தப் படத்தின் ஓரத்திலேயே நின்றார்கள்.

1344 இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்து பாவாதமலை ஏறியதை நாம் பெருமையோடு எடுத்தாள்கிறோம். அவர் இறங்கியது மேற்குக் கரையில். அவரது சாட்சியம் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் உரியது. அதைக் கிழக்கின் பிள்ளைக்கு அப்படியே 'எமது வரலாறு' என்று படிப்பிக்கும்போது, கொழும்பை மையமாகக் கொண்ட இன்னொரு தலைநகர் வரலாற்றையே கையில் கொடுக்கிறோம். பாடநூலில் நாம் கண்ட குறை எமது சொந்த எழுத்திலும் இருக்கிறது.

பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கலாம்

ஊர் வரலாற்றைப் படிப்பிக்க அருங்காட்சியகம் தேவையில்லை. பிரதேச செயலகங்களின் பெயர்ப்பலகைகளே போதும். கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று என்ற பெயர்கள் இன்றும் அரச ஆவணங்களில் வாழ்கின்றன. தெற்கே கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று அந்த வரிசை நீண்டிருந்தது. பழைய மட்டக்களப்புத் தேசம் இவ்வாறு பற்றுக்களாகவே பிரிக்கப்பட்டு, வன்னிமைகளும் போடிமார்களும் அதிகாரம் செலுத்திய நிலமாக இருந்தது. 'அக்கரை' என்பது எந்தக் கரையில் நிற்பவனுக்கு அக்கரை? சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை என்றும், படும் பக்கம் படுவான்கரை என்றும் சொன்னவன் எங்கே நின்று பார்த்தான்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவை விளங்காத கேள்விகள் அல்ல. பெயர் வைத்தவனின் நிற்குமிடத்தைத் தேடத் தொடங்கும்போதே பிள்ளை வரலாற்று மாணவனாகிவிடுகிறது.

அடுத்து, 1626. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து மட்டக்களப்பில் 4000 பேரைக் குடியமர்த்தியதும் நமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. இதை வைத்து ஒருவர், "நீங்கள் 1626 இல் வந்தவர்கள்" என்கிறார். மற்றொருவர், "அரசனே தந்த நிலம் இது" என்கிறார். இருவரும் ஒரே வரியைத்தான் உறுதிப்பத்திரம் போலக் கையில் வைத்திருக்கிறார்கள்.

வகுப்பறையில் அந்த வரியை வேறுவிதமாகப் படிக்கலாம். இச்செய்தியைத் தருபவர் பெர்னாவோ த குவேறோஸ் என்ற யேசுசபைப் பாதிரியார். அவர் கோவாவில் இருந்து எழுதினார், இலங்கைக்கு வந்தவரல்லர். சம்பவம் நடந்து ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பின்னரே அவரது நூல் நிறைவுற்றது. சோனகரைப் பகைவராகக் கண்ட தரப்பைச் சேர்ந்தவர் அவர். அப்படியானால் 4000 என்ற தொகையை யார் எண்ணினார்கள்? அது குடும்பங்களா, ஆண்கள் மட்டுமா? பகைவனின் பலத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டிய தேவை எழுதியவருக்கு இருந்ததா? வந்தவர்கள் வெறும் நிலத்தில் இறங்கினார்களா, முன்னரே இருந்த உறவினரிடம் வந்து சேர்ந்தார்களா? கடைசிக் கேள்விக்கு அந்த நூலின் வரி விடை சொல்வதில்லை. விடையில்லாத இடத்தில் விடையில்லை என்று எழுதப் பழகுவதும் பாடத்தின் பகுதிதான்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1626 இன் செய்தியின் உள்ளே இருப்பது அகதி வாழ்க்கை. ஓர் ஆட்சியாளன் விரட்டினான், இன்னொருவன் ஏற்றுக்கொண்டான், ஏற்கெனவே அங்கு வாழ்ந்தோர் இடம் கொடுத்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை ஆண்டும் பெயருமாக மட்டும் படிப்பிக்க முடியாது.

கதையும் சான்றும்

முக்குவர் திமிலர் போர்க் கதை மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே சொல்லும் கதை. திமிலரோடு பகை மூண்டபோது முக்குவர், பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்களின் துணையைப் பெற்றனர் என்றும், திமிலரை வடக்கே வெருகல்வரை துரத்தினர் என்றும், துணைநின்றவர்களுக்குப் பெண் கொடுத்து ஏறாவூரில் குடியமர்த்தினர் என்றும் அது கூறும். சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி முதலிய ஊர்ப்பெயர்களுக்கு இக்கதையைக் கொண்டே விளக்கம் சொல்வார்கள். 1962 இல் எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' இத்தகைய ஐதீகங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கும் நூல்.

இக்கதையை நடந்த சம்பவமாகப் படிப்பிப்பது தவறு. பொய் என்று தள்ளிவிடுவதும் தவறு. இதற்கு உறுதியான ஆண்டு கிடையாது. ஊர்ப்பெயருக்கான விளக்கம் பெயர் தோன்றிய பின்னர் கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் இரு சமூகங்கள் தமக்கிடையிலான உறவை எப்படி விளங்கிக்கொண்டன என்பதற்கு இக்கதை நல்ல சான்று. கூட்டாகப் போரிட்டோம், மண உறவு கொண்டோம் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஐதீகத்தை இவ்வாறு வாசிக்கக் கற்ற பிள்ளை, நாளை வேறெவரும் ஐதீகத்தைக் காட்டி நிலம் கேட்கும்போதும் அதே கேள்விகளைக் கேட்கும்.

கதையில் சொல்லப்படும் உறவுக்கு நடைமுறையிலும் தடயமுண்டு. அதுதான் குடிமுறை. தென்கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பிள்ளைக்குக் குடி தாய்வழியாக வருகிறது. ஜும்ஆப் பள்ளிவாசலின் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்து வந்தார். அயலிலுள்ள தமிழரின் கோயில்களில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருப்பார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பதும் இரு சமூகங்களுக்கும் பொதுவான வழக்கம். மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டத்தை 1876 இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ நூலாக வெளியிட்டார். சொத்து தாய்வழியாகச் செல்லும் முறை அதில் பதிவாகியுள்ளது. அறபுநாட்டு வம்சாவளியை மட்டும் வைத்து இவ்வழக்கங்களை விளக்க முடியாது. தமிழர்தான் நாம் என்ற ஒற்றை வாய்ப்பாட்டினாலும் விளக்க முடியாது. 1888 இன் வாதமும் 1907 இன் மறுப்பும் கண்டுகொள்ளாத ஓர் உண்மை நமது வீட்டு வாசலில் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவிடம் அரைமணி நேரம் பேசினால் போதும்.

தண்ணீரும் எல்லையும்

ஊர் வரலாற்றை இனங்களின் கதையாக மட்டும் சொன்னால் அதில் பாதி காணாமற் போகும். மட்டக்களப்பின் வாழ்வு நெல்லில் நின்றது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். 1856 இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயற்செய்கை பற்றிய பழைய வழக்காறுகளை மீண்டும் செயற்படுத்த வழிசெய்தது. தண்ணீர் முறையைக் கவனித்த வட்டைவிதானையின் சொல்லுக்குத் தமிழரும் முஸ்லிம்களும் கட்டுப்பட்டார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும்போது மேற்காணிக்காரனும் கீழ்க்காணிக்காரனும் பேசாதிருக்க இயலாது.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் உண்டாயிற்று. தமிழ் வழக்கில் பட்டிப்பளை ஆறாக இருந்தது கல்லோயா ஆயிற்று. மேல்நிலத்துக் குடியேற்றங்களில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள் அமர்த்தப்பட்டார்கள். கீழ்நிலத்தின் பழைய வயல்கள் தமிழ், முஸ்லிம் கமக்காரரிடம் இருந்தன. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனவன்முறை வெடித்தது. 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. கல்முனைக்காரனுக்குக் கச்சேரி மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு மாறியது.

1961 இற்கு முந்திய வரைபடத்தையும் பிந்திய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இதை வரலாற்று வகுப்பொன்றில் இரண்டு பாடவேளைகளில் விளக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே நிலத்தில் தீகவாபி இருக்கிறது. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதீசன் அத்தூபியைக் கட்டியதாக மகாவம்சம் சொல்கிறது. தீகவாபியைக் குறிப்பிடாமல் முஸ்லிம் பிள்ளைக்கு அம்பாறையின் வரலாறு சொல்வதும், பற்றுக்களையும் குடிகளையும் குறிப்பிடாமல் சிங்களப் பிள்ளைக்கு அதைச் சொல்வதும் ஒரே வகையான பிழைகள்.

சொல்லத் தயங்கும் ஆண்டு

இங்குதான் ஆசிரியர்களின் உண்மையான தயக்கம் தொடங்குகிறது. ஊர் வரலாறு என்று புறப்பட்டால் 1990 இல் போய் நிற்க நேரும். அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற 100 இற்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். ஒரு வாரம் கழித்து ஏறாவூரிலும் 100 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். இவை எமது பிள்ளைகள் கேட்டு வளர்ந்த செய்திகள். ஷுஹதாக்களின் அடக்கஸ்தலங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர் கொல்லப்பட்டதையும், செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட 180 இற்கும் மேற்பட்ட தமிழர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டதையும் அப்பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? முக்குவரும் பட்டாணியரும் சேர்ந்து பகைவனை வென்ற இடம் என்று ஐதீகம் சொல்லும் அதே சத்துருக்கொண்டான்தான் இது. மறுபுறத்தில், தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும் வீரமுனையும் சத்துருக்கொண்டானும் தெரிந்திருக்கும்; காத்தான்குடி அத்தனை தெளிவாகத் தெரிந்திராது.

காத்தான்குடியும் ஆரையம்பதியும் எல்லை தொட்டு நிற்கும் ஊர்கள். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே தூரமில்லை. இவ்வூர்களின் பிள்ளைகள் ஒரே மொழியில், ஒரே பாடநூலை, வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். பாடநூல் பேசாது விட்ட ஊர்க் கதையை அவரவர் வீடு சொல்லிக் கொடுக்கிறது. வீடு தன் மையித்தை மட்டுமே எண்ணும். அதில் வீட்டைக் குறைகூற முடியாது. அடுத்த வீட்டின் இழப்பையும் எண்ணச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடம் பாடசாலை. வகுப்பறை வாய்மூடி இருந்தால், ஒரே நிலத்துக்கு இரண்டு வரலாறுகள் வளரும். ஒவ்வொன்றிலும் மற்றவன் கொலைகாரனாக மட்டும் இருப்பான்.

7 ஆம், 8 ஆம் தரங்களில் இதைக் கொடூர விபரங்களோடு சொல்ல வேண்டியதில்லை. திகதி, இடம், இறந்தோர், காரணமானோர் என்ற நான்கையும் இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோலில் சொன்னாற் போதும். ஒரு பக்கத்தின் பெயரைச் சொல்லி மற்றப் பக்கத்துக்கு 'துயரச் சம்பவம்' என்று பொதுப்பெயர் சூட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இவற்றுக்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு மாணவர்கள் ஒப்படைகள் செய்துவந்திருக்கிறார்கள். அவற்றில் பல, கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய கொப்பிகளாகவே முடிந்தன. அந்த உழைப்பை ஊர்ப்பக்கம் திருப்பலாம். பாடசாலையின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகம், பள்ளிவாசலின் கணக்கேடுகள், வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் காணி உறுதி, மீஸான் கற்கள், கமக்காரரின் வாய்மொழி ஆகியன எல்லாம் மூலாதாரங்களே. ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது, ஏன் எழுதினார் என்ற கேள்விகளைப் பிள்ளை எழுதி விடை தேடட்டும். ஒரு தகவலையாவது அயலூரவர் ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசிரியர் நிபந்தனை வைக்கட்டும். முஸ்லிம் பாடசாலையும் அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலையும் ஆண்டிறுதியில் தமது ஏடுகளை மாற்றிப் படிக்கலாம்.

காலமும் அதிகமில்லை. 2004 டிசம்பர் 26 இன் சுனாமி கரையோர ஊர்களில் மனிதரோடு ஏடுகளையும் உறுதிகளையும் கொண்டுபோயிற்று. குடிமுறையும் பற்றுக்களும் தெரிந்த தலைமுறை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது.

காணி உறுதிக்கு ஒரு சொந்தக்காரன்தான் இருக்க முடியும். அதனால் உறுதியை வைத்து வழக்காடலாம். ஊர் வரலாற்றுக்குப் பல சொந்தக்காரர்கள். அதை உறுதி போலக் கையிலெடுத்த ஒவ்வொரு முறையும் இந்தப் பிராந்தியம் அதற்கு விலை கொடுத்திருக்கிறது. 12 வயதில் சான்றை எடைபோடவும் அயலவனின் கதையைக் கேட்கவும் பழகிய பிள்ளையை, 25 வயதில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் காட்டி எளிதில் கிளப்பிவிட முடியாது. நமது பாடசாலைகளில் ஊர் வரலாறு படிப்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.